வெளியைப் பாழ் என்னாதீர்!

சென்னையில் மந்தைவெளி என்றோர் இடம் உண்டு. மந்தை மேய்ந்த வெளி என்பதே அதன் பொருள். இன்று ஆங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. பெயர் எஞ்சிற்று, பெயர் சுட்டிய நிலம் ஒழிந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் கழுவெளி என்றனர் முன்னோர். அவ்வெளியில் மாநகரின் குப்பை மலையாய்க் குவிக்கப்பட்டது, கட்டடங்கள் எழுந்தன. எஞ்சிய பகுதி இராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பெற்றது 2022-இல்தான்!

இவ்வழிவின் வேர் யாது? நிலத்தை அளக்கும் கண் பழுதுற்றதே. புறம்போக்கு என்பது வரிக்கணக்கிற்குப் புறத்தே ஊர்ப் பொதுவுக்கென விடப்பட்ட நிலம். ஏரியும் குளமும் களமும் மேய்க்காலும் அதனுள் அடங்கின. வரி தராத நிலம் பயன் தராத நிலம் என்று வெள்ளையன் கணக்கெழுதினான். அவன் கப்பலேறிய பின்னும் அவன் கணக்கு ஒழியவில்லை. பொதுநிலத்தின் பெயரையே வசைச்சொல்லாக்கி, தமிழனே தமிழனை ஏசுகின்றான்! இதனினும் இழிவு உண்டோ?

பாழ் எனப்படும் வெளி செய்யும் பணி சிறிதன்று. கற்காரையில் வழிந்தோடும் மழைநீரைப் புல்வேர் பற்றிய மண் உறிஞ்சிக்கொள்ளும். வெட்டிவேர் 3 மீட்டர் ஆழம் வரை இறங்க வல்லது. எருக்கிலை தின்று வளரும் புழுவே வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியாகிறது. தும்பையும் ஆவிரையும் பூக்கும் நிலத்தில் தேனீக்குக் குறைவில்லை. புதர்வெளி கொசுவை வளர்க்கும் என்பார் உளர். கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில், புல்லின்மேல் அன்று. சாக்கடையைத் தூர்வாராதவர் புல்லின்மேல் பழி சுமத்துவது ஏன்?

வெளி கண்ட இடமெல்லாம் மரம் நடுவதும் அறியாமையே. கிண்டியில் 1978-இல் அறிவிக்கப்பெற்ற ஏறத்தாழ 270 எக்டேர்ப் பூங்காவில் வெளிமான் வாழ்கிறது. புல்வெளி இன்றேல் அம்மானுக்கு வாழ்வில்லை. அதன் பெயரே சான்று. மரத்திற்கு மரத்தின் இடம். புல்லுக்குப் புல்லின் இடம்.

மரம் நடுங்கால் மண்ணறிந்து நடுக. 2016 திசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. மடகாசுக்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சியும் பெருந்தொகையாய்ச் சாய்ந்தன. வேரை அறுத்துக் குழாய் பதித்து, அடிமரம் வரை கற்காரை பூசிவிட்டுப் புயலை நோவது என்ன நேர்மை? வேம்பும் புங்கும் புன்னையும் இம்மண்ணுக்குரியவை. அவற்றுக்கும் வேரோட மண் வேண்டும்.

வெளியும் நிழலும் அழிந்தால் வாடுவோர் யார்? குளிரூட்டிய அறையில் இருப்போர் அல்லர். தலைச்சுமை இறக்கி இளைப்பாறும் கூலியாள். நடைபாதையில் காய் விற்கும் மூதாட்டி. தகரக்கூரையின்கீழ் உறங்கவியலாத குழந்தை. இவர்க்கு மர நிழலே குளிரறை, பொதுவெளியே முற்றம். அதைப் பறிப்பது ஏழையின் உடைமையைப் பறிப்பதாகும்.

ஆதலின், ஊர்தோறும் எஞ்சிய புறம்போக்கை அளந்து எல்லைக்கல் நடுக! அதனைப் பட்டாவாக்கும் கையைத் தடுக்க! மரத்தடியின் கற்காரையைப் பெயர்த்தெறிக! பாழ் என்னும் சொல்லை நிலத்தின்மேல் எழுதியவன் அயலான். அதனை அழிக்க வேண்டியவன் தமிழன்.