இல்லை என்று சொல்லும் கணிப்பொறி



பொறியியற் கல்லூரியில் பயிலும் தம் மகனைப் பற்றி ஒரு தாய் நமக்கு எழுதியிருக்கிறார். சி, பைதான் என இரண்டு கணிப்பொறி மொழிகளை அவன் நன்கு கற்றுவிட்டானாம். வேலைக்கு அவை போதும் என்கிறார்கள். அவனோ, பெரும்பாலான கம்பெனிகள் கேட்காத புரோலாக் என்னும் மொழியை இரவெல்லாம் கண்விழித்துப் படித்துக் கொண்டிருக்கிறானாம். “இதனால் என்ன பயன்?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. கல்லூரிக் கட்டணம் செலுத்துகிறவர்களுக்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு.

மொழி பேசுவதற்கு மட்டும் பயன்படுவதன்று. எதைக் கவனிக்க வேண்டும் என்றும் அது கற்பிக்கிறது. ஆங்கிலத்தார் ஒரே சொல்லால் குறிப்பதை நாம் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் பிரித்துப் பேசுகிறோம். எதிரில் இருப்பவரைச் சேர்த்துக் கொள்கிறோமா, விலக்குகிறோமா என்பதை வாய் திறக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். மத்ரஸாவில் அரபு இலக்கணம் தொடங்கும் பிள்ளையோ, ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே இருமை என்று ஒன்று இருப்பதைக் கண்டு வியக்கிறது. கணிப்பொறி மொழிகளிலும் இப்படித்தான். 1966-இல் டூரிங் விருதை முதன்முதலாகப் பெற்ற ஆலன் பெர்லிஸ் என்னும் அறிஞர், சிந்திக்கும் முறையை மாற்றாத கணிப்பொறி மொழியைக் கற்பதால் பயனில்லை என்னும் கருத்துடையவராக இருந்தார்.

சி மொழி அறிந்தவன் பைதான் கற்பது, காயல்பட்டினத்தார் கீழக்கரைப் பேச்சைப் பழகிக் கொள்வது போன்றது. சொற்கள் சில மாறும், போக்கு மாறாது. இரண்டிலும் நாம் பெரும்பாலும் கட்டளையிடுகிறோம்: முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய். புரோலாக்கின் போக்கு வேறு. 1972-ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சின் மார்சேய் நகரில் அலேன் கொல்மரோவரும் ஃபிலிப் ரூசெலும் இதை உருவாக்கினர். இதன் தருக்க அடிப்படைக்கு எடின்பரோவில் இருந்த ராபர்ட் கோவால்ஸ்கி துணை நின்றார். இதில் செய்முறையைச் சொல்வதைவிட, எது உண்மை என்பதைச் சொல்வதே முதன்மை.

எடுத்துக்காட்டாக, ரஹீமின் தந்தை ஹமீது, ஹமீதின் தந்தை காதர் என்று இரண்டு செய்திகளை எழுதுகிறோம். தந்தையின் தந்தை பாட்டனார் என்று ஒரு விதியையும் எழுதுகிறோம். ரஹீமின் பாட்டனார் யார் என்று கேட்டால் காதர் என்று விடை வரும். காதர் யாருக்குப் பாட்டனார் என்று திருப்பிக் கேட்டாலும், அதே விதியைக் கொண்டு ரஹீம் என்று சொல்லும்.

உறவுமுறை என்றவுடன் நமக்கு நினைவு வருவது வாரிசுரிமைச் சட்டம். கலீஃபா மஃமூன் (813–833) காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே ‘அல்காரிதம்’ என்னும் சொல் பிறந்தது என்பதை நம்மவர்கள் மேடைதோறும் பெருமையுடன் சொல்கிறார்கள். அவருடைய அல்ஜப்ரா நூலில் ஏறத்தாழப் பாதி மரணசாசனம், பாகப்பிரிவினைக் கணக்குகளே என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கணிதம் அவருக்குக் குடும்பத்தில் நீதி வழங்கும் கருவியாகவும் இருந்தது.

அந்தக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒருவர் மனைவி, இரண்டு மகள்கள், தந்தை, தாய் ஆகியோரை விட்டு மரணமடைகிறார். கஃபன் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக 24 இலட்சம் ரூபாய் மிஞ்சுகிறது. மனைவிக்கு 1/8, மகள்கள் இருவருக்குமாக 2/3, தந்தைக்கு 1/6, தாய்க்கு 1/6. அதாவது 3, 16, 4, 4 இலட்சங்கள். கூட்டினால் 27! இருப்பதோ 24. கட்டளை மொழியில் அவசரமாக எழுதுகிறவன், ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக் கழித்துக்கொண்டே போவான். கடைசியில் நிற்கும் தாய்க்கு 4 இலட்சத்திற்குப் பதில் 1 இலட்சமே மிஞ்சும். பிழை என்று கணிப்பொறி சொல்லாது. வரிசையில் பின்னால் நின்றதே அந்தத் தாயின் குற்றமாகிவிடும்.

கவனமுள்ளவர் எந்த மொழியிலும் சரியாக எழுதிவிடுவார் என்பது உண்மை. புரோலாக்கிலும் விதிகளின் வரிசைக்குச் சிறிது செல்வாக்கு உண்டுதான். ஆயினும் அங்கே ஒவ்வொருவரின் பங்கும் தனித்தனி விதியாக நிற்பதால், எல்லாம் சேர்ந்தால் ஒன்றுக்குள் அடங்குமா என்னும் கேள்வியை எழுதுகிறவனே எழுப்ப வேண்டி வருகிறது. நம் முன்னோர் இக்கேள்வியைச் சந்தித்தவர்களே. இதே கணக்கு மிம்பரில் நின்ற அலீ (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகிவிட்டது என்று விடையளித்ததாக அறிவிக்கப்படுகிறது. சொத்தை 27 கூறாக்கி 3, 16, 4, 4 என்றே பிரித்தால், குறைவை அனைவரும் அளவோடு ஏற்கிறார்கள். இதற்கு ‘அவ்ல்’ என்று பெயர்.

இனி, புரோலாக் கற்பவன் அவசியம் தடுக்கி விழுந்து எழ வேண்டிய இடம் ஒன்றுண்டு. “காதருக்கு மகள் உண்டா?” என்று கேட்கிறோம். மற்றவர்களின் மகள்களை எழுதிவிட்டு, காதரின் மகளைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதவில்லையானால் ‘இல்லை’ என்றே பதில் வரும். அந்த ‘இல்லை’க்குப் பொருள் மகள் இல்லை என்பதன்று, நீ தந்த செய்திகளைக் கொண்டு என்னால் நிறுவ இயலவில்லை என்பதே. நிறுவ முடியாததைப் பொய்யாகக் கொள்ளும் இம்முறைக்குத் தருக்க விளக்கத்தை 1978-இல் கீத் கிளார்க் எழுதினார். ரயில்வே அட்டவணையில் மூன்று மணிக்கு வண்டி போடப்படவில்லையானால் வண்டி இல்லை என்று நாம் முடிவு செய்வதும் இவ்வாறே. அட்டவணை முழுமையானது, ஆகவே தவறில்லை.

குடும்பப் பட்டியல் அப்படியா? மனைவியும் மகனும் மட்டும் எழுதப்பட்ட பட்டியலைக் கொடுத்தால், மனைவிக்கு 1/8, மகனுக்கு 7/8 என்று பதில் வரும். கணக்கில் குற்றமே காண முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் மணமாகிப் பினாங்கு சென்ற மகள் அதில் இல்லை. அவளைச் சேர்த்தால் 24-இல் தாய்க்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. அல்லாஹ் அவளுக்கு விதித்த 7 பங்கு, ஒரு வரி எழுதாததால் மறைந்துவிடுகிறது. கணிப்பொறியை நொந்து என்ன செய்ய? “அவளுக்குத்தான் நகையும் சீரும் கொடுத்தாயிற்றே” என்று சொல்லிச் சகோதரியின் பெயரைப் பத்திரத்திலிருந்து விட்டுவிடும் வீடுகள் நம்மிடையே இல்லையா? திருமணத்தின்போது கொடுத்தது அன்பளிப்பு; அது வாரிசுப் பங்குக்கு ஈடாகாது.

நம் ஃபிக்ஹு அறிஞர்களோ ‘தெரியவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று கொள்ளவில்லை. தகவலின்றிக் காணாமற் போனவரை ‘மஃப்கூத்’ என்று தனியாக வகுத்து, அவர் நிலை தெளியும்வரை அவர் பங்கை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். தாயின் வயிற்றில் இருக்கும், ஆணா பெண்ணா என்றறியாத குழந்தைக்கும் பங்கை ஒதுக்கினார்கள். உண்டு, இல்லை, தெரியவில்லை என்னும் மூன்று நிலைகளைப் புரோலாக் தானாகத் தராது. எழுதுகிறவனே விதி வகுத்துச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வாரிசைப் பற்றியும் விடை பெறாமல் பாகம் பிரிக்காதே என்று அவன் எழுதிப் பார்க்கட்டும்.

ஆகவே, சகோதரியே, பிள்ளையைத் தடுக்க வேண்டாம். எஸ்.டபிள்யூ.ஐ. புரோலாக் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது; செலவில்லை. உங்கள் குடும்பத்து உறவுகளை மூன்று தலைமுறைக்கு எழுதி வரச் சொல்லுங்கள். பெண்கள் பெயர் எல்லாம் வந்திருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள். அவன் போடும் கணக்கு பயிற்சிக்குத்தான். உண்மையான பாகப்பிரிவினைக்கு ஆலிம் பெருமக்களிடமே செல்ல வேண்டும். இரவெல்லாம் விழிப்பதை மட்டும் கண்டியுங்கள். பஜ்ரு தொழுகை தவறிவிடும்.