தளர்வது நரம்பல்ல

ஆத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் எதிர்ச்சுவர் கேட்கும்: "நரம்புத் தளர்ச்சியா? இளமையில் செய்த தவறா?" கீழே ஒரு போன் நம்பர். இந்த ஒரு சொல்லை வைத்து எத்தனை லேகிய டப்பா விற்றிருக்கும்!

சொல்லில்தான் கோளாறு. நமக்கு யாழில் கட்டியதும் நரம்பு, ரத்தக்குழாயும் நரம்பு. கையில் ரத்தக்குழாயில் போடுவதை இன்னமும் "நரம்பு ஊசி" என்கிறோம். கயிறு மாதிரி நினைத்துவிட்டால் அது தளரும், முறுக்கேற்றவும் வேண்டும். வியாபாரியின் முதலே இதுதான்.

நரம்பிழை கயிறல்ல. அதன் சவ்வில் புரத வாயில்கள் உண்டு. பாடநூலில் அயனி வாய்க்கால் என்பார்கள்; கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஊர்க்காரனான எனக்கு மடை என்றால்தான் பிடிபடுகிறது. சும்மா இருக்கையில் உள்பக்கம் வெளியைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் குறைவு. தூண்டல் வந்ததும் சோடிய மடை திறக்கும், சோடியம் உள்ளே பாயும், மின்னழுத்தம் தலைகீழாகும். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் அது அடைபட, பொட்டாசிய மடை வழியே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலைக்குத் திரும்பும். இதுவே அடுத்தடுத்த மடைகளைத் திறந்துகொண்டு ஓடுகிறது. தசையைத் தொட்டதும் அங்கே வேறு மடைகள், கடைசியில் கால்சியம், சுருக்கம். பல் பிடுங்கும்போது போடும் மரப்பு ஊசி சோடிய மடையைத்தான் அடைக்கிறது. இதில் தளர என்ன இருக்கிறது?

இதைக் கண்டுபிடிக்க உதவியது கணவாய். தூத்துக்குடியில் கூடை கூடையாக ஏலம் போகிறதே, அந்த ஊசிக்கணவாயின் சொந்தக்காரன். அதன் பெரிய நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் தடிமன்வரை இருக்கும். உள்ளேயே கம்பி செருகலாம். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அப்படி அளந்து 1952இல் சமன்பாடாக எழுதினார்கள். 1963இல் நோபல்.

என் சித்தப்பாவுக்குச் சர்க்கரை. பாதம் மரத்து எரிந்தது. "நரம்புத் தளர்ச்சிப்பா" என்று இரண்டு வருஷம் லேகியம் தின்றார். கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த எரிச்சலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பிரீகாபலின் கால்சிய வாயிலின் ஓர் உறுப்பில் போய் ஒட்டுகிற மருந்து. அதுவும் எரிச்சலைத்தான் குறைக்கும். சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் நரம்பு பிழைக்காது.

சித்த மருத்துவத்தைத் திட்டுகிறேன் என்று யாரும் வரிந்துகட்ட வேண்டாம். நாடி பார்க்கிற வைத்தியர் ஆளைப் பார்ப்பார். சுவர் யாரைப் பார்த்தது? பதினெட்டு வயசுப் பையனின் குற்றவுணர்ச்சியையும் சித்தப்பாவின் மரத்த காலையும் ஒரே டப்பாவுக்குள் அடைக்கிறான் அவன்.

கணவாய்ச் சமன்பாட்டுக்கு இரண்டு வருஷம் கழித்து, 1954இல், மருந்து மற்றும் மாய மருத்துவ ஆட்சேபகர விளம்பரச் சட்டம் வந்தது. விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது, நரம்புத் தளர்ச்சி என்ற பெயரும் இருக்கிறது. சுவரில் எழுதியவனின் நம்பரும் சுவரிலேயே இருக்கிறது. கூப்பிட்டு விசாரிக்க அதிகாரிகளுக்கு வேறென்ன துப்பு வேண்டும்?