மனோதிடம் என்ற வியாதி

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனோதிடம் போதாது. நாங்களெல்லாம் முப்பத்தாறு மணி நேரம் ஒரே மூச்சில் டூட்டி பார்த்தவர்கள். எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்று பெரிய டாக்டர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

என்ன ஆகிவிட்டது என்று இங்கே சொல்கிறேன். பக்கத்தில் நின்று ஒரு பிள்ளை வாடுவது கண்ணில் படாத அளவுக்கு உங்கள் மனசு மரத்துப்போய்விட்டது. இதற்குப் பெயரா ஐயா, மனோதிடம்?

தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2024-இல் அறிக்கை தந்தது. அது விசாரித்த இளநிலை மாணவர்களில் நூற்றுக்கு 27.8 பேர் தமக்கு மனநோய் இருப்பதாகச் சொன்னார்கள். முதுநிலை மாணவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு உயிரை விட்டுவிடும் எண்ணம் வந்திருக்கிறது. லட்சக்கணக்கானவர்களோடு போட்டியிட்டு ஜெயித்து வந்தவர்கள் இவர்கள். இவர்களா கோழைகள்? ஒருவன் விழுந்தால் அவன் காலைப் பார்க்கலாம். வரிசையாக விழுந்தால் தரையைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் தரை எப்படி இருக்கிறது? வாரத்துக்கு 48 மணி, தொடர்ந்து 12 மணிக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே எழுதி வைத்தது. 2024-இல் அந்தக் குழு, வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேண்டாம் என்று கேட்கிறது! அதுவே பெரிய தயவாகிவிட்டது. சகிக்காமல் படிப்பை விட்டுப் போகலாமென்றால், லட்சங்களில் அபராதம் கேட்டு வந்திருக்கின்றன பல மாநிலங்கள்.

இதற்கு மருந்தாக நிர்வாகங்கள் தருவது ஒரு யோகா வகுப்பும் ஒரு பிரசங்கமும். தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு தியானம் கற்பிக்கிறார்கள்!

சிகிச்சைக்காவது போகக் கூடாதா என்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், மருத்துவ மாணவி, பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய் மனநல வைத்தியரைப் பார்த்தாள். அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கே மருந்து எழுதுகிறவர் அவளுக்குப் பரீட்சை வைக்கிற பேராசிரியர். சீட்டுப் பதிகிறவன் அவள் வகுப்புத் தோழன். மனநோய் வெட்கமல்ல என்று ஊருக்கெல்லாம் சொல்லும் இடத்தில், தன் நோயை அவள் மறைக்க வேண்டியிருக்கிறது.

பெரிய டாக்டர் அவர்களே! உலக மருத்துவச் சங்கம் தன் உறுதிமொழியை 2017-இல் திருத்தி, வைத்தியன் தன் உடல்நலத்தையும் பேண வேண்டும் என்று சேர்த்திருக்கிறது. அதை உங்கள் வார்டுச் சுவரில் மாட்ட வேண்டாம். இரவெல்லாம் விழித்த அந்தப் பிள்ளையை இன்று காலை ரவுண்ட்ஸுக்கு நிறுத்தாமல், தூங்க அனுப்புங்கள், போதும்.