பதவி கெடுத்ததா?

கலாநிதி என். எம். பெரேராவைப் பதவி கெடுத்துவிட்டது என்று நம்மவருள் சிலர் இன்றும் பரிவோடு கூறுகின்றனர். நாம் இதனை ஏற்பதற்கில்லை.

இலண்டனில் லாஸ்கியிடம் பயின்ற அப்பொருளியல் அறிஞர், 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியவருள் ஒருவர். 1953இல் 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்துப் பங்கீட்டரிசி 70 சதமானபோது, ஹர்த்தாலுக்கு முன்னின்றது அவர் கட்சி. சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து கோரி 1955இல் பாராளுமன்றத்தில் பிரேரணை கொணர்ந்தவரும் அவரே. கூட்டங்கள் தாக்கப்பட்டன, கட்சி அன்று அசையவில்லை.

பின்னர் 1964இல் சில மாதம் நிதியமைச்சர். அப்பதவியும் போயிற்று. பதவியேயில்லாத 1966 ஜனவரி 8ஆம் நாளன்றோ, தமிழ்மொழிப் பிரமாணங்களை எதிர்த்த அணியில் அக்கட்சி போய் நின்றது! நாற்காலி போனபின்னும் நாற்காலி நினைவு போகவில்லை.

1970இல் 50, 100 ரூபா நோட்டுகளைச் செல்லாதனவாக்கிய துணிவை நாம் மெச்சுகிறோம். ஆயினும் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கிய 1972ஆம் ஆண்டு யாப்பு, அவர் அங்கம் வகித்த அரசின் யாப்பே. 1975இல் அவ்வரசு அவர்களை வெளியேற்றியது. 1977இல் கட்சிக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை.

நெல்லுக்கும் கடனுக்கும் வர்க்கப் போராட்டமே விடை என்று நாவிதன்வெளியில் மாணவனுக்குச் சொல்லும் நாம், சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துக் காட்டும்படி வந்து நிற்கும் அவன் தகப்பனுக்கு என்ன சொல்வது?