ஸ்விங் இசையை எழுதியவர்

1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலீஸின் பாலோமார் நடன அரங்கில் பென்னி குட்மன் குழு வாசித்த இரவைத்தான் ஸ்விங் யுகத்தின் பிறந்தநாளாக ஜாஸ் வரலாறுகள் பெரும்பாலும் குறிக்கின்றன. மென்மையான நடன இசைக்கு அசையாத கூட்டம், குழு தன் விறுவிறுப்பான உருப்படிகளை எடுத்ததும் ஆர்ப்பரித்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. ‘ஸ்விங்கின் அரசர்’ என்ற பட்டம் குட்மனோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர் குழுவின் அடையாளமாகிவிட்ட உருப்படிகளில் பலவற்றுக்கு இசைக்கோர்ப்பு எழுதியவர் ஃபிளெட்சர் ஹென்டர்சன். அந்த யுகத்தை மேடையில் நின்றவரின் பெயரால் மட்டும் அழைப்பது பாதி வரலாறுதான்.

ஜார்ஜியா மாநிலத்தின் கத்பெர்ட்டில் 1897-இல் பிறந்த ஹென்டர்சன், அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் வேதியியலும் கணிதமும் படித்துவிட்டு 1920-இல் நியூயார்க் போனார். கறுப்பின வேதியியலாளருக்கு அங்கே வழி திறக்கவில்லை, பியானோவே பிழைப்பானது. 1924 முதல் ரோஸ்லாண்ட் நடன அரங்கில் அவருடைய குழு நிலைபெற்றது. வாசித்தவர்கள் கறுப்பினத்தவர், ஆட வந்தவர்கள் வெள்ளையர். லூயி ஆம்ஸ்ட்ராங் ஓராண்டுக்கு மேல் அதில் டிரம்பெட் வாசித்தார். சாக்ஸபோன் மேதை கோல்மன் ஹாக்கின்ஸ் பத்தாண்டுக்கு மேல் இருந்தார்.

ஹென்டர்சனின் பேனா செய்ததைக் காதால் பிரித்தறியலாம். சாக்ஸபோன்கள் ஓர் அணி, டிரம்பெட்டும் டிராம்போனும் எதிரணி. ஓரணி ஒரு சிறு சொற்கட்டைப் போட, மறு அணி பதில் சொல்லும். ஒருவர் தனியாக வாசிக்கும்போது மற்றவர்கள் பின்னணியில் அதே சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து அவரைத் தள்ளிக்கொண்டே போவார்கள். இங்கே அவர் காட்டிய சிக்கனம்தான் பெரிய விஷயம். தனி ஒருவர் அந்த நேரத்தில் கற்பனையாக வாசிப்பதுபோன்ற நடையை ஓர் அணி முழுவதற்கும் எழுதிக் கொடுத்தார். காகிதத்தில் இருந்ததே காதுக்குத் தெரியவில்லை. 1930-களின் பெரிய குழுக்கள் பலவும் கையாண்ட இலக்கணம் இது.

குட்மன் திருடவில்லையே, காசு கொடுத்து வாங்கினாரே என்று கேட்கலாம். உண்மைதான். ஹென்டர்சனுக்குத் தான் பட்ட கடனை அவர் வெளிப்படையாகவே சொன்னார். 1939-இல் அவரைத் தன் குழுவில் பியானோ வாசிக்கவும் அமர்த்தினார். தனிமனித நேர்மை பற்றி இங்கே வழக்கில்லை. 1934 இறுதியில் பிஸ்கட் நிறுவனம் ஒன்றின் ஆதரவோடு என்.பி.சி. வானொலியில் ‘லெட்ஸ் டான்ஸ்’ தொடங்கியபோது, புதிய உருப்படிகள் எழுதி வாங்கவும் குட்மன் கையில் பணம் இருந்தது. அதே ஆண்டில் ஹென்டர்சனின் குழு கலைந்துபோயிருந்தது. விளம்பரதாரர் பணம் கட்டும் தேசிய வானொலி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வெள்ளையர் குழுக்களுக்கே போன காலம் அது.

அவர் நல்ல நிர்வாகி இல்லை என்பது அடுத்த வாதம். குழுவில் கட்டுப்பாடு தளர்ந்திருந்தது. 1928-இல் நேர்ந்த கார் விபத்துக்குப் பிறகு ஊக்கமும் குறைந்தது என்பார்கள். இதில் பாதி ஒப்புக்கொள்ளத்தக்கது. ஆனால் கட்டுப்பாட்டுக்கே பெயர்போன ஜிம்மி லன்ஸ்ஃபோர்டின் கறுப்பினக் குழுவுக்கும் குட்மனுக்குக் கிடைத்த வானொலி வாய்ப்பு கிடைக்கவில்லை. சோம்பலை மட்டும் காரணமாக்கினால் இந்தக் கணக்கு உதைக்கிறது.

எனக்கு வலுவாகப் படும் மறுப்பு வேறு: அணி பிரித்து எழுதும் முறையை ஹென்டர்சன் குழுவில் முதலில் வளர்த்தவர் டான் ரெட்மன், ஸ்விங்கின் தாள நடையைக் கொண்டுவந்தவர் ஆம்ஸ்ட்ராங். ரெட்மன் 1927-இல் விலகிய பிறகே, அதுவும் 1930-களில்தான், ஹென்டர்சன் முழுமூச்சாக எழுதலானார். ஆக, குட்மனிடமிருந்து பறித்து ஹென்டர்சன் தலையில் வைக்க வேண்டிய ஒற்றை மகுடம் எதுவும் இல்லை. ஆனாலும் பலர் கண்டதைத் திரட்டி, எந்தக் குழுவும் எடுத்து வாசிக்கக்கூடிய எழுத்தாக ஆக்கியவர் அவர்தான்.

ஹென்டர்சன் 1952-இல் இறந்தார். ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’ என்ற ஜெல்லி ரோல் மார்ட்டனின் உருப்படியை அவர் குழு 1933-இல் வாசித்த பதிவும், குட்மன் குழு 1935-இல் வாசித்த பதிவும் இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். குட்மனின் பதிவில் துல்லியம் கூடுதல், கட்டமைப்பு ஹென்டர்சனுடையது.