ஐம்பது அங்குலத்துக்குள் ஒரு வண்டி

வடக்கு மிச்சிகன் காட்டுக்குள்ள ஓட்ட ஒரு சைட் பை சைட் வாங்கணும்னு நம்மூர் ஆட்கள் ரெண்டு மூணு பேர் என்கிட்ட யோசனை கேட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அதனால ஒரே தடவையா இங்க எழுதி வெச்சுடறேன். இனிமே யாராச்சும் கேட்டா சுட்டியைக் கொடுத்துட்டு நான் காப்பி குடிக்கப் போயிடுவேன் :-)

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஏடிவின்னா பைக் மாதிரி ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடிச்சு ஓட்டற நாலு சக்கர வண்டி. சைட் பை சைட்னா கார் மாதிரி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சீட்டு, ஸ்டியரிங், சீட் பெல்ட், தலைக்கு மேல ஒரு இரும்புக் கூண்டு. ரோட்டுக்காகச் செஞ்சது இல்ல, காட்டுப் பாதைக்காகச் செஞ்சது.

வாங்கப் போறவங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "எத்தனை குதிரை சக்தி?" ரெண்டாவது, "எவ்வளவு டாலர் ஆகும்?" அகலம் எவ்வளவுன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேட்டதில்ல. என்னைக் கேட்டா, முதல் கேள்வியே அதுதான். அதுக்குப் பதில் ஷோரூம்ல கிடைக்காது. மேப்புலதான் கிடைக்கும்.

மிச்சிகன்ல ஏறக்குறைய 4,000 மைலுக்கு இந்த மாதிரி வண்டிங்களுக்கான பாதை இருக்கு. ஆனா எல்லாப் பாதையும் எல்லா வண்டிக்கும் இல்ல. பைக் மட்டும் போற ஒத்தையடிப் பாதை ஒரு வகை. 50 அங்குலத்துக்குள்ள அகலம் இருக்கற வண்டிக்கான 'ட்ரெயில்' இன்னொரு வகை. 72 அங்குல 'ரூட்'டுன்னு சொல்றது மூணாவது வகை. தேசிய வனத்துக்குள்ள போனீங்கன்னா வனத்துறை இலவசமாத் தர்ற மோட்டார் வாகன வரைபடம் இருக்கு. 2005ல வந்த விதிப்படி எந்தப் பாதையில எந்த வண்டி போகலாம்னு அதுல குறிச்சிருப்பாங்க. அங்கேயும் '50 அங்குலம் அல்லது அதற்குக் குறைவு'ன்னு தனியா ஒரு வகை உண்டு.

அதென்ன 50ன்னு கேக்கலாம். இந்தப் பாதைங்க நிறைய ஏடிவி காலத்துல போட்டது. ஏடிவியோட அகலம் அதுக்குள்ள அடங்கிடும். சைட் பை சைட் பின்னாடி வந்த ஆளு. வண்டி கம்பெனிக்காரங்களும் இதைப் புரிஞ்சுக்கிட்டுதான் 50 அங்குலத்துல வண்டி போட்டாங்க. போலாரிஸ் ஆர்இசட்ஆர் 800, 2008 மாடலா வந்தப்போ சரியா 50 அங்குலம். ஆனா அதே ஆர்இசட்ஆர் குடும்பத்துல 2022 மாடலா வந்த ப்ரோ ஆர் 74 அங்குலம்! பதினாலு மாடல் வருஷத்துல 24 அங்குலம் பெருத்தாச்சு, நம்ம இடுப்பு மாதிரியே. மரங்க மட்டும் நகரவே இல்ல.

இதுல எளிமையான கணக்கு ஒண்ணு இருக்கு. குறுகலான வண்டி அகலப் பாதையில போகும். அகலமான வண்டி குறுகல் பாதையில போகாது. வரப்பு மேல டிராக்டர் ஓட்ட முடியுமா? நீங்க போகப் போற காட்டு மேப்பை விரிச்சு வெச்சு, அதுல பாதிக்கு மேல 50 அங்குலப் பாதைன்னா, மேல படிக்காம 50 அங்குல வண்டியே வாங்குங்க. இல்ல, சில்வர் லேக் மணல் மேட்டுலதான் விளையாடப் போறேன், ரூட்டுலதான் சுத்தப் போறேன்னா, குறுகல் வண்டி வாங்கற தப்பைச் செய்யாதீங்க.

தப்புன்னு ஏன் சொல்றேன்? குறுகலுக்கு ஒரு விலை இருக்கு. எந்த சேல்ஸ்மேனும் அதைத் தானா சொல்ல மாட்டார்.

வைக்கோல் ஏத்தின மாட்டு வண்டி பார்த்திருப்பீங்க. பாரம் உயர உயர, கொஞ்சம் பள்ளம் வந்தாலும் சாயும். அதே கதைதான். ஒரு பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க. 50 அங்குல வண்டி, டயர் அகலம் 10 அங்குலம். இடது டயர் நடுவுலேர்ந்து வலது டயர் நடு வரைக்கும் 40. அதுல பாதி 20. வண்டியோட எடை மையம் தரையிலேர்ந்து 24 அங்குல உயரத்துல இருக்கறதா வெச்சுக்குங்க. பக்கவாட்டுல சுமார் 40 டிகிரி சாய்ஞ்சா கவிழும். அதே உயரத்துல 64 அங்குல வண்டின்னா 48 டிகிரி வரைக்கும் தாங்கும். இது நின்ன இடத்துல போடற பேப்பர் கணக்கு. ஸ்பிரிங் அமுங்கறது, திருப்பத்துல வர்ற வேகம், உள்ள உட்கார்ந்திருக்கற ரெண்டு ஆளோட எடை எல்லாம் சேர்ந்தா ரெண்டு நம்பரும் இன்னும் கீழ வரும்.

இது வெறும் பேப்பர் சமாச்சாரம் இல்லைங்கறதுக்கு யமஹா ரைனோ கதை சாட்சி. 54 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல அகலம், நல்ல உயரம். 2009 மார்ச்ல அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ரைனோ 450, 660 ரெண்டு மாடலுக்கும் இலவச ரிப்பேர் திட்டம் அறிவிச்சுது. அதுக்குள்ள 46 பேர் செத்திருந்தாங்க. அவங்க விசாரிச்ச சம்பவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல வண்டி கவிழ்ந்தது. அதுலயும் நிறைய, மெதுவான வேகத்துல, சமதரையில திரும்பும்போது நடந்த மாதிரி தெரியுதுன்னு சொன்னாங்க. மலை உச்சியில சாகசம் பண்ணும்போது இல்லைங்க, சமதரையில! ரிப்பேர் என்ன தெரியுமா? பின் சக்கரத்துல ஸ்பேசர் வெச்சுத் தள்ளி அகலமாக்கறது, பின்னாடி இருக்கற ஸ்வே பாரைக் கழட்டறது. அதாவது அகலத்தைக் கூட்டறதே வைத்தியத்துல ஒரு பாதி.

இப்போ என் கதை. வண்டி தேடின காலத்துல லான்சிங் தாண்டி ஒரு கிராமத்துல ஒருத்தர் பழைய 50 அங்குல வண்டி விக்கறார்னு பார்க்கப் போனேன். பையனும் கூட வந்தான், அப்போ அவனுக்குப் பதினோரு வயசு. வண்டி பார்க்க சும்மா கும்முனு இருந்துச்சு. 2 அங்குலம் லிஃப்ட் பண்ணி, பெரிய டயர் மாட்டி, கூரை மேல இரும்பு ரேக் எல்லாம் வெச்சிருந்தார். எனக்கும் அதுதான் பிடிச்சுது, மறைக்க மாட்டேன். "ஓட்டிப் பாருங்க"ன்னார். வீட்டுக்குப் பின்னாடி புல் சரிவு. பையனைப் பக்கத்துல உட்கார வெச்சு, பெல்ட் போட்டு, மெதுவாத்தான் போனேன். ஓடற வேகத்துக்கு மேல இருக்காது. சரிவுல குறுக்கா போய்க்கிட்டே மேல் பக்கமா ஸ்டியரிங்கை ஒடிச்சேன்.

மேல் பக்கத்து ரெண்டு சக்கரமும் தரையை விட்டுத் தூக்கிடுச்சு.

ஒரு நொடி இருக்கும். கீழ்ப் பக்கமா ஸ்டியரிங்கைத் திருப்பினதும் தொப்புனு உட்கார்ந்துச்சு. நான் வண்டியை நிறுத்திட்டுப் பார்த்தா, சரிவுக்குக் கீழ் பக்கம் உட்கார்ந்திருந்த பையனோட வலது கை கூண்டுக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு. ஏன்டா கையை வெளிய விட்டேன்னு கத்தினேன். அவன் சொன்னான், "விழுந்தா கையை ஊணிக்கலாம்னு பார்த்தேம்ப்பா."

அரை டன் வண்டியைக் கையை ஊணி நிறுத்தப் பார்த்திருக்கான். சைக்கிள்ல அப்படித்தான பழகியிருக்கான், குழந்தை. அன்னிக்கு அது கவிழ்ந்திருந்தா அந்தக் கை என்ன ஆகியிருக்கும்னு இன்னிக்கும் ராத்திரி சில நேரம் நினைப்பு வரும். விக்கற மனுஷன் மேல தப்பு இல்ல. கணக்குப் போடத் தெரிஞ்சும் போடாம, அழகைப் பார்த்து மயங்கினது நான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எடை மையம் 3 அங்குலம் உயர்ந்தா அந்த 40 டிகிரி 36 சொச்சமா இறங்கிடுது. தங்கமணிகிட்ட இந்த விஷயத்தை ஒரு மாசம் கழிச்சுதான் சொன்னேன். கிடைச்சது தனிப் பதிவா போடற அளவுக்கு இருந்துச்சு.

ஆக, குறுகல் வண்டின்னு முடிவு பண்ணிட்டா என் சட்டம் இதுதான்: அகலத்துல இழந்ததை உயரத்துல திருப்பி எடுக்கணும். லிஃப்ட் கூடாது. பெரிய டயர் கூடாது. கூரை மேல சாமான் கூடாது. கூலர், டூல் பாக்ஸ் எல்லாம் பின்னாடி கீழே. பழைய வண்டின்னா முந்தின ஓனர் செஞ்ச அலங்காரம் கூடக் கூட நான் விலையைக் குறைச்சுக் கேப்பேன், அவர் கூட்டிச் சொல்வார்.

மாடல் கேப்பீங்க. 50 அங்குலத்துல வந்ததுல எல்லாருக்கும் தெரிஞ்சது ஆர்இசட்ஆர் டிரெயில், கேன்-ஆம் மேவரிக் டிரெயில், ஹோண்டா பயனியர் 500, அப்புறம் வந்த 520. முதல் ரெண்டும் வேகமானது, சஸ்பென்ஷன் சொகுசு, ஆனா பெல்ட்ல ஓடற சிவிடி. ஹோண்டா மெதுவானது, ஆனா நிஜ கியர், அறுந்து போக டிரைவ் பெல்ட் கிடையாது. நான் எடுத்தது ஹோண்டா. "இதுல எப்படிய்யா த்ரில்லு?"ன்னு ஆபீஸ்ல ஓட்டறாங்க. ரெண்டு மரத்துக்கு நடுவுல ரெண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு நெளிஞ்சு போற பாதையில வேகம் எதுக்கு? பேப்பர்ல எந்த மாடல் போட்டிருந்தாலும் சரி, ஒரு டேப் எடுத்துட்டுப் போய் டயரோட வெளி விளிம்புலேர்ந்து வெளி விளிம்பு வரைக்கும் அளந்துட்டுக் காசு கொடுங்க. வேற வீல் மாட்டியிருந்தா அகலம் மாறியிருக்கும்.

இங்கதான் எனக்கும் சில நண்பர்களுக்கும் சண்டை. "ரைனோவுக்கு அவங்களே ஸ்பேசர் வெச்சாங்கல்ல, நானும் 50 அங்குல வண்டிக்கு ஸ்பேசர் வெச்சு 54 ஆக்கிக்கறேன், பாதுகாப்புதானே"ன்னு ஒரு வாதம். பௌதிகப்படி சரி. ஆனா அதுக்கப்புறம் அது 50 அங்குலப் பாதைக்கான வண்டி இல்ல. பூனைக்கும் தோழன் பாலுக்கும் காவல் கதை நடக்காது. நாலு அங்குலம்தானேன்னு போறவன் மரப்பட்டையை உரிப்பான், ஓரச் செடியை மிதிப்பான், பாதையை அகலமாக்குவான். பின்னாடி வர்றவன் இன்னும் நாலு அங்குலம். எதிர்ல ஏடிவியில வர்ற ஆளு உங்க அகலத்தை எதிர்பார்த்து வர மாட்டான். பாதை கெட்டா மூட வேண்டியதும் அதே வனத்துறைதான். மூடினா நேர்மையா 50ல வந்தவனுக்கும் சேர்த்துத்தான் மூடுவாங்க.

அகலம் தர்ற நிம்மதி வேணும்னா அகல வண்டி வாங்கி அகலப் பாதையில போங்க, அதுல ஒரு குறைச்சலும் இல்ல. குறுகல் பாதை தர்ற காடு வேணும்னா மெதுவா, தாழ்வா, அடக்கமா போங்க. ரெண்டும் வேணும்னு கேட்டா அதுக்கு வண்டி இல்ல.

கடைசியா ஒண்ணு, வண்டியை விட முக்கியம். பக்கத்துல உட்கார்ற ஆளோட முதுகு சீட்டுல ஒட்டி இருக்கும்போது பாதம் தரையில படணும், கைப்பிடி எட்டணும். எட்டலைன்னா அந்தக் குழந்தை இன்னும் வளரட்டும், காடு எங்கேயும் போயிடாது. கதவு இல்லைன்னா வலையாவது மாட்டுங்க. ஹெல்மெட் போடுங்க, சட்டத்துல விலக்கு தேடிக்கிட்டு இருக்காதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி நானும் பையனும் இப்பவும் ஒரு தடவை சொல்லிக்கறோம்: "சாய்ஞ்சா கை எங்கே?" "உள்ளே!"

அவனுக்கு இப்போ மீசை அரும்பிடுச்சு, இந்தக் கேள்வியைக் கேட்டா கண்ணை உருட்டறான். ஆனா பதில் சொல்லாம நான் சாவி போடறதில்ல.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்ல, வார இறுதியில காட்டுக்குப் போற சாதாரண ஆளு. யூட்டா, வெஸ்ட் வர்ஜீனியா பக்கம் ஓட்டற மக்கள் அங்க அகல விதி எப்படின்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. "எத்தனை குதிரை சக்தி?"ன்னு மட்டும் கேக்காதீங்க :-)