நாதமும் நம்பிக்கையும்

பழைய பொருளின் மேல் மனிதருக்கு உள்ள மோகம் விசித்திரமானது. பழைய பிடிலுக்குப் பெருவிலை கொடுப்பதை நாம் ஒருவாறு புரிந்து கொள்ளலாம். ஆனால், சுண்டுவிரல் நீளங்கூட இல்லாத ஒரு மின்சாரச் சாமானுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுப்பவர்களைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்களா?

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துக் கலமஜூ நகரில், கிப்ஸன் கம்பெனியார் 1958 முதல் 1960 வரை செய்த 'லெஸ் பால்' மின்சாரக் கிட்டார்கள் இன்று பெருஞ் செல்வமாக மதிக்கப்படுகின்றன. அவற்றின் உள்ளே, கறுப்பு உடம்பில் வர்ண வரிகள் போட்ட இரண்டு கண்டென்ஸர்கள் இருக்கும். வண்டைப் போல் தோன்றுவதால் 'பம்பிள் பீ' என்று அவற்றுக்குப் பெயர். வரிகள் அழகுக்காக அல்ல. சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்றால் 22-க்குப் பின் மூன்று சைபர். அதாவது 22,000 பிகோஃபாரட், அல்லது 0.022 மைக்ரோஃபாரட். அவற்றைச் செய்தவர்கள் ஸ்ப்ரேக் கம்பெனியார். நார்த் ஆடம்ஸ் என்ற ஊரில் இருந்த அவர்களுடைய பெரிய தொழிற்சாலை 1985-ல் மூடப்பட்டது. 1999 முதல் அந்தக் கட்டிடங்களில் ஒரு கலைக்கூடம் நடைபெறுகிறது.

இச்சிறு சாமான் செய்யும் வேலை என்ன? தந்தி அசையும்போது, காந்தத்தை அடுத்த கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதில் கனத்த நாதமும் உண்டு, கூரிய நாதமும் உண்டு. கண்டென்ஸர் ஒரு வாய்க்கால். கூரியதை மட்டும் வழிந்தோட விடுகிறது. 'டோன்' குமிழ் அந்த வாய்க்காலின் மதகு. மதகைத் திறந்தால் நாதம் மங்கி மிருதுவாகும். மூடினால் கணீரென்று ஒலிக்கும்.

அக்காலத்தில் இக்கண்டென்ஸர்கள் அபூர்வப் பொருள்களே அல்ல. ரேடியோப் பெட்டிகளில் சர்வ சாதாரணமாக இருந்தவை. ஆனால் அசல்கள் அருகிவிடவே, பிரதிகள் புறப்பட்டன. ஒரு ஜோடிக்கு நூறு டாலரை ஒட்டியும் விலை வைத்தார்கள். சந்தேகப் பிராணிகள் சிலர் அப்படி ஒரு பிரதியை அறுத்துப் பார்த்தார்கள். வெளியே வண்டின் கோலம். உள்ளே கடையில் ஒரு டாலருக்கும் குறைவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் கண்டென்ஸர்!

எல்லாப் பிரதிகளும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. காகிதத்தையும் எண்ணெயையும் கொண்டு பழைய முறையிலேயே செய்து தருவோரும் உண்டு. ஆயினும் கேள்வி ஒன்று நிற்கிறது: காகிதமானால் என்ன, பாலியெஸ்டரானால் என்ன, காதுக்கு வித்தியாசம் தெரியுமா?

கணக்கைப் பார்ப்போம். 0.022 மைக்ரோஃபாரட் கண்டென்ஸர், வினாடிக்கு ஆயிரம் அதிர்வுள்ள நாதத்துக்குக் காட்டும் தடை சுமார் 7,200 ஓம். மதகு மூடியிருக்கும்போது அதனுடன் குமிழின் 5,00,000 ஓம் சேர்ந்து நிற்கிறது. அப்பெருந்தடைக்கு அப்பால் இருக்கும் சாமான் எதனால் ஆனது என்பது நாதத்துக்கு எங்கே எட்டப் போகிறது? குமிழைத் திருப்பிய பிறகும் முக்கியமானது மைக்ரோஃபாரட் அளவுதான். பழைய காகிதக் கண்டென்ஸர்களோ ஈரம் ஏறி, காலப்போக்கில் அளவு மாறிவிடுபவை. ஆகவே ஒரு பழைய கிட்டாரின் இனிமையில் கண்டென்ஸருக்குப் பங்கு இருந்தால், அது பெரும்பாலும் அளவு மாறியதன் பலனே. அந்த அளவை அறிந்து புதிய சாமானைப் போட்டால் போதும்.

பழைய கிட்டாரைப் பழுது பார்க்கிறவர், உள்ளும் புறமும் முன்போல் இருக்கவேண்டும் என்று பிரதியை வாங்கினால் அதில் குற்றமில்லை. அது பக்தி, பக்திக்கு விலை கேட்கக் கூடாது. நமக்கு வருத்தமெல்லாம், கைப்பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் இளம் வாத்தியக்காரனைப் பற்றித்தான். 'இது இல்லாததால்தான் உன் வாசிப்பில் இனிமை இல்லை' என்று யாரோ சொல்ல, நல்ல ஆசிரியரிடம் சில மாதம் கற்பதற்கு ஆகும் பணத்தை அவன் வண்டின் வரிகளுக்குக் கொடுத்து விடுகிறான்.

பிரதி செய்வது பாவமல்ல. உள்ளே இருப்பதை மறைத்து விற்பதுதான் பாவம். வாங்குகிறவருக்கு நாம் கூறும் யோசனை ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேளுங்கள். காது வித்தியாசம் சொன்னால் வாங்குங்கள். சொல்லாவிட்டால் பணத்தை முடிந்து வைத்துக்கொண்டு, அன்றைய சாதகத்தை ஆரம்பியுங்கள்.